க்ளைவ் வீட்டு வால்வு

சண்டர்லேண்டில் வீடுகளுக்கு ஹீட்டிங் வேலை செய்கிறவள் நான். அக்கா கெய்ல் வீட்டில் ரேடியேட்டர்கள் ஜில்லிட்டுக் கிடந்தன. மாடியில் துணி உலர்த்தும் அலமாரிக்குள், சுடுதண்ணீரை ரேடியேட்டர்களுக்குத் திறந்துவிடும் மோட்டார் வால்வு செத்துப்போயிருந்தது. தானாகச் சாகவில்லை. அதன் தலையில் சுத்தியல் அடி தெரிந்தது. அக்காவின் கன்னத்திலும் அடி தெரிந்தது. இரண்டும் அவள் புருஷன் க்ளைவின் கைவரிசை.

வால்வு ஒரு சாக்குதான். வேலை முடிந்ததும் அக்காவை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். சொன்னதும் டீக்கோப்பையைக் கழுவிக்கொண்டே தலையாட்டினாள். பையில் துணிகூட எடுத்து வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பரணில் இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்துதான் இந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் இறங்கும். வால்வைக் கழற்றுமுன் தொட்டியின் மிதவையைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டிவிடுவோம், புதுத் தண்ணீர் வராது. கட்டினேன். குழாயில் இருந்த கறுப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்கு வடித்தேன். வால்வையும் கழற்றிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து க்ளைவ் போதையில் வந்து சேர்ந்தான். தன்னைக் கேட்காமல் தன் வீட்டில் எவள் கை வைத்தது என்று கத்திக்கொண்டே மாடியேறினான். "மேஸ்திரியம்மா மேல என்னத்தக் கிழிச்சிருக்காங்கன்னு பாக்கறேன்" என்று பரணுக்கு ஏணி வைத்தான். கயிற்றைத் தொடாதே என்றேன். அவனிடம் போய்த் தொடாதே என்று சொன்னேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடுத்த நிமிடமே கயிற்றை அறுத்துவிட்டான்.

வாய் திறந்து கிடந்த குழாய் கறுப்பாகக் கக்கியது. கம்பளமெல்லாம் சேறு. இறங்கி வந்தவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் முடியைப் பிடித்து அலமாரிக் கதவில் முகத்தை மோதினான். உதடு கிழிந்தது. மறுபடி மோதக் கையை இழுத்தான்.

பைப் ரெஞ்சால் அந்தக் கையில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவனின் முழங்காலில் இன்னொன்று போட்டேன். அது தேவையே இல்லை. ஆசையாக இருந்தது, போட்டேன்.

"பையை எடுக்கா, போலாம்."

அக்கா என்னைத் தள்ளிவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதட்டு ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது.

"பாவி, அவரு கைய ஒடிச்சிட்டியேடி. போடி வெளியே."

ரெஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல, இரு. அந்த வால்வ மாட்டிட்டுப் போ. அவருக்குக் குளிர் ஆகாது."

மேலே போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து, புது வால்வை மாட்டினேன். பிறகு கயிற்றை அவிழ்த்துக் குழாய்களில் தண்ணீர் நிரப்பினேன். அந்த நேரத்தில் க்ளைவைவிட அவளைத்தான் அதிகம் வெறுத்தேன். வீடு மெல்லச் சூடாகியது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள். அவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், நான் கதவில் இடித்துக்கொண்டேன் என்று அக்காவே பதில் சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. பழக்கம்.