மூன்றாம் பாட்டுக்கு முன்னால்

பல் செட் செய்யும் அந்த லேபில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வயதில் சிறியவர்களுக்கு அவள் கேசட் அக்கா, முதலாளிக்கு வெறும் கேசட். அடுத்தவர் வாய்க்கான பல்லை மெழுகில் வரிசையாக நட்டுக்கொண்டே வருடக் கணக்கில் ஒரே பாடகியின் ஒரே ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் அவள் சின்னவள். நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது, இருந்தாலும் நாமும் சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆல்பத்தின் பெயர் 'உலராத துணிகள்'. பாடகி ஒரு மைதானத்தில் நாலாயிரம் பேர் முன்னால் பாடிய ஒன்பது பாட்டுகள். பாட்டு முடியும், கைதட்டல் எழும், உடனே அடுத்த பாட்டு வந்து நிற்கும். நடுவில் பாடகி பேசியதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டி எறிந்த அந்தப் பேச்சில்தான் சின்னவளின் உயிர் இருந்தது.

அந்தக் கச்சேரிக்கு அவள் போயிருக்க வேண்டும். அப்போது பதினேழு வயது. தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் அக்காவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட். ஆறு மணி நேர பஸ் பயணம். அக்காவுக்குப் பாட்டென்றால் சாப்பிடும்போது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம், அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து பாட வேண்டி வருமே. பின்னால் ஆல்பத்தில் மூன்றாவதாக வந்த பாட்டில் இரண்டாவது சரணம் தாளத்துக்கு அரைத் தட்டு தள்ளித்தான் ஆரம்பிக்கும். அங்கே வழுக்கி விழாத ஆளே கிடையாது. "நீ பக்கத்துல உக்காந்து தப்பா எடுத்தா என் மானம்தான் போகும்" என்று சொல்லி, துணி மடிக்கும்போதும் தலை வாரும்போதும் ஒரு மாதம் அக்காவைப் போட்டுப் படுத்தி எடுத்தாள் சின்னவள். தொடையில் ஒரு தட்டு தட்டு, மூச்சை நிறுத்து, பிறகு எடு. அக்கா சலிப்பாள், திட்டுவாள், மறுபடி முயல்வாள். கடைசியில் வந்துவிட்டது.

கச்சேரி நாள் காலையில் சின்னவளுக்குப் பொன்னுக்குவீங்கி. இரண்டு கன்னமும் உப்பி, கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். வாயைத் திறக்க முடியவில்லை. நானும் போகவில்லை என்று அக்கா சொன்னதற்கு அழுகையும் சைகையுமாக அவளைப் பிடித்துத் தள்ளி அனுப்பினாள். நீயாவது போய்க் கேட்டுவிட்டு வந்து ஒன்று விடாமல் சொல்.

அக்கா மறுநாள் வந்து சொன்னாள். காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து, யாரையும் உட்காரவிடவில்லையாம். ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பினாளாம். மூன்றாம் பாட்டுக்கு முன்னால் பாடகி அதைப் படித்துவிட்டு, "இன்னைக்கு வரணும்னு ரொம்ப ஆசைப்பட்ட ஒரு பொண்ணு, உடம்பு சரியில்லாம வீட்ல படுத்திருக்கா. இந்தப் பாட்டு அவளுக்கு" என்று சொன்னாளாம்.

வீங்கிய கன்னத்தோடு சின்னவள் சிரித்த சிரிப்பை அக்கா பார்த்தாள்.

அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒருத்தி இருபத்தைந்து வருடம் ஓட்ட முடியுமா என்றால், ஓட்டினாள். பரீட்சையில் தோற்றபோது அது இருந்தது. கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட்ட வருடம், எழுந்து பல் துலக்கக்கூட மனமில்லாத நாட்களில், நாலாயிரம் பேர் நடுவே ஒருத்தி என்னை நினைத்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் எழுந்தாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். லேபுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தக் கதை காதில் விழுந்துவிடும். 'சரி சரி, பாட்டு உனக்குத்தான்' என்று முதலாளி கிண்டல் செய்வார். நம்பாதவர்களும் உண்டு. அவர்களிடம் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை.

அதனால்தான் கச்சேரி முழுவதும், பேச்சு உட்பட ஒன்றையும் வெட்டாமல், இருபத்தைந்தாம் வருடத்துக்காக வெளிவரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டாள்.

"பழசையெல்லாம் எதுக்குடி கிளறுறாங்க?" என்றாள் அக்கா. இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டு, "அது எப்ப வருதுன்னு சொன்னே?" என்று கேட்டாள். பாட்டே கேட்காதவளுக்கு என்ன திடீர் அக்கறை என்று சின்னவள் சந்தோஷப்பட்டாள். அவ்வளவு அப்பாவி.

வெளியான அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் லேபில் அரைக்கும் மெஷின்களை நிறுத்தினார்கள். முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செராமிக் பல் சுடும் அண்ணன் சூளையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பாலிஷ் போடும் பெண் கைப் பொடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். சின்னவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கரை, மாவில் வார்த்த பல் அச்சுகளை ஒதுக்கிவிட்டு மேசை நடுவில் வைத்தாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. பாடகி தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"இந்தப் பாட்டுல ரெண்டாவது சரணம் எங்க ஆரம்பிக்குதுன்னு சில நாள் எனக்கே தெரியாது" என்றாள் பாடகி. கூட்டம் சிரித்தது. "உங்கள்ல யாராவது சரியா எடுப்பீங்களா? அங்க யாரோ கை தூக்குறாங்க. பக்கத்து நாற்காலியில பையை வச்சிருக்கிற பொண்ணு. நீ வாம்மா."

சின்னவளின் கையிலிருந்த மெழுகுக் கத்தி அசையாமல் நின்றது.

கொஞ்சம் காலடிச் சத்தம். பிறகு மைக்குக்கு மிக அருகில், பட்டென்று தொடையில் ஒரு தட்டு. ஒரு மூச்சு நின்றது. அடுத்து அந்தக் குரல் சரணத்தை எடுத்தது. கொஞ்சம் நடுக்கம், மற்றபடி நூல் பிடித்தது போல வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும் குரல். ஒரே அறையில் படுத்து வளர்ந்த குரல்.

"அட, மயிரிழை பிசகலையே" என்றாள் பாடகி. "யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கலை. நானே கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன்."

"வீட்ல பாடுறவங்க இருக்காங்களா?"

"இல்லை. எங்க வீட்ல யாருக்கும் பாட்டுல இஷ்டம் கிடையாது."

நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பாலிஷ் பெண் மெதுவாகக் கேட்டாள். "உங்களைப் பத்திச் சொன்னது எங்கக்கா?"

"அடுத்த பாட்டுக்கு முன்னாடி வரும்" என்றார் முதலாளி. நல்ல மனிதர். ஒன்பது பாட்டும் ஓடும்வரை யாரையும் மெஷின் பக்கம் போக விடவில்லை. பாடகி மழையைப் பற்றிப் பேசினாள், வயலின்காரரைக் கேலி செய்தாள், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பலாம் என்றாள். வீட்டில் படுத்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அதை மட்டும் வெட்டியிருப்பாங்க" என்றார் செராமிக் அண்ணன்.

"இருக்கும்" என்றாள் சின்னவள். மேடை ஏறியது யார் என்று அவர்களிடம் சொல்லவில்லை. கீழ்த்தாடையில் இடப்பக்கக் கோரைப்பல்லை வலப்பக்கம் நட்டுவிட்டு, அதைக் கத்தியால் பெயர்த்து எடுத்தாள். பிறகு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சாலைக் குறிகள் அச்சடித்த அட்டை மாட்டிய ஒற்றை அறை, வாசலில் இரண்டு பிரேக் வைத்த கார். சின்னவள் நுழைந்தபோது ஒரு பெரியவருக்கு ரிவர்ஸ் எடுப்பதை விளக்கிக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பெரியவரை அனுப்பிவிட்டாள்.

"கேட்டுட்டியா?" என்றாள்.

"நீ?"

"காலையிலேயே கேட்டேன். கார்ல உக்காந்து."

சின்னவள் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"மேடை ஏறினதை ஏன்க்கா சொல்லலை?"

"எப்படிடி சொல்றது? மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, கஞ்சிகூட முழுங்க முடியாம கிடந்தே. உன் டிக்கெட்டுல போயி, உன் பாட்டை நான் மேடையில பாடிட்டு வந்தேன்னு சொல்லவா?"

"சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அப்புறம் சந்தோஷப்பட்டிருப்பேன். ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்." அவள் மேசையில் கையை ஊன்றினாள். "அது போகட்டும். யாரு சொல்லிக் குடுத்தான்னு அவங்க கேட்டாங்களே. யாருமில்லைன்னியே."

அக்கா மேசையில் இருந்த சாவிக் கொத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"உன் பேரு வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள். "வீட்ல பாட்டுன்னா நீதான். எவன் வந்தாலும், சின்னவளுக்கு என்ன ஞானம் பாருன்னுதான் பேச்சு. நான் உனக்குத் துணைக்குப் போறவ. அன்னைக்கு ஒரு தடவை, அந்த ஒரு நிமிஷம், உன் தயவில்லாம நிக்கணும்னு தோணிச்சு. முழுங்கிட்டேன்."

"அந்தச் சீட்டு? பாடகி எனக்காகச் சொன்னது?"

"சீட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "திரும்பி வர்றப்ப பஸ்ல ஆறு மணி நேரமும் அதுதான் ஓடிச்சு. அவங்க கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும், தங்கச்சி சொல்லிக் குடுத்தா, வரணும்னு ரொம்ப ஆசைப்பட்டா, உடம்பு சரியில்லாம வீட்ல படுத்திருக்கான்னு. நான் சொல்லாம விட்டதை அவங்க சொன்னதா உங்கிட்ட சொல்லிட்டேன். நீ ரெண்டு நாள்ல மறந்துடுவேன்னு நினைச்சேன். நீ அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம் நிப்பேன்னு எனக்கு என்னடி தெரியும்?"

சின்னவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். தன்னை நினைத்த ஒருத்தி அந்த நாலாயிரம் பேரில் இருந்தாள், அவளும் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருடம் தான் பிடித்து எழுந்த கை, தன்னைத் தள்ளிவிட்டவளின் கை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், அது வரவில்லை.

வெளியே யாரோ காரின் ஹாரனைத் தொட்டுப் பார்த்தார்கள். அக்கா எழுந்து போய் அதட்டிவிட்டு வந்து, நின்றபடியே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதே."

"என்ன?"

"நான் சரியா எடுத்தேனா?"

சின்னவள் அவளைப் பார்த்தாள். நாற்பத்தாறு வயது, மூக்குக்கண்ணாடி, நரைத்த காதோரம். கண்ணில் மட்டும் இருபத்தொரு வயது காத்துக்கொண்டிருந்தது.

"அவங்க பிசகலைன்னு சொன்னாங்க" என்றாள் அக்கா. "அதைத்தான் வச்சுக்கிட்டிருக்கேன். ஆனா எனக்கு எங்க தெரியும்? உன்னைத் தவிர யாரைக் கேக்க முடியும்? உங்கிட்டதான் கேக்க முடியாமப் போச்சு."

சரியாகத்தான் எடுத்திருந்தாள். அத்தனை பேர் முன்னால், முதல் தடவை மைக்கைப் பிடித்தவள், அரைத் தட்டு விட்டு அச்சாக எடுத்திருந்தாள். அதைவிடச் சுத்தமாகத் தன்னால்கூட எடுத்திருக்க முடியாது என்று சின்னவளுக்குத் தெரியும். லேபில் அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

"இல்லைக்கா" என்றாள். "முன்னாடியே எடுத்துட்டே."

"அவங்க சொன்னாங்களே?"

"கூட்டத்துக்காகச் சொல்றதுதான் அது. மேடை ஏறுற எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அக்கா மெல்லத் தலையாட்டினாள். மறுபடி போட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாட்டு விஷயத்தில் தங்கை சொன்னால் அவளுக்கு அதுதான் முடிவு.