கடைசி மூன்று மீட்டர்

காலை ஆறு மணிக்கு கிளைவ் டன்பார் சமையலறைக் குழாயைத் திருகியபோது, அது ஒரு தரம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டதே தவிர ஒரு சொட்டும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். ஒன்றுமில்லை. கையைக் குழாய்மேலேயே வைத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் காது கொடுத்தார். நோலீன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை மாதம், பூமியின் தென்பாதியில் நடுக்குளிர்காலம். நேஸ்பியில் ஐந்து நாளாகச் சூரியனைக் கண்டவர் இல்லை. உறைமூட்டம் சமவெளி முழுக்க இறங்கி உட்கார்ந்துவிட்டது. வேலிக் கம்பிகள் வெள்ளை மயிர் முளைத்துக் கட்டைவிரல் தடிமன் ஆகியிருந்தன. வாசல் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று காட்டியது. இப்படிப்பட்ட நாட்களில், உறையாமல் இருக்க, குழாயைப் பென்சில் தடிமனுக்கு ஓடவிட்டுப் படுப்பது அந்த ஊரில் பல் தேய்ப்பது மாதிரி. கிளைவும் ஓடவிட்டுத்தான் படுத்தார். இடையில் ஒரு தரம் எழுந்தவர், தூக்கக் கலக்கத்தில், மற்ற மாதங்களின் பழக்கத்தில் அதை இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

குழாய் உறைவது அந்த ஊரில் யாருக்கும் செய்தி இல்லை. கிளைவுக்கு மட்டும் அது வீடு கைவிட்டுப் போகிற விஷயம்.

போன குளிர்காலத்தில் குளியலறைக்கு அடியில் குழாய் உறைந்து வெடித்தது. கூடத்துக் கம்பளம் ஊறிக் கிடக்க, அதன்மேல் ரப்பர் பூட்ஸோடு நின்று நோலீன் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு குளிர்காலம், கிளைவ். அதுலயும் குழாய் உறைஞ்சுதுன்னா வீட்ட வித்துட்டு மோஸ்கீல் டவுனுக்குப் போறோம். தங்கச்சி ஜூன் வீட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு. எனக்கு அக்கா தங்கச்சின்னு அவ ஒருத்திதான்."

"உறையாது. நான் பாத்துக்கறேன்."

"கை குடு."

கொடுத்தார். பார்த்துக்கொள்வது என்றால், ஏப்ரல் முடிவதற்குள் மரத்தளத்துக்கு அடியில் ஓடும் குழாய் முழுவதற்கும் நுரை உறை போட்டுவிடுவது. போட்டார். பன்னிரண்டு மீட்டருக்கு ஒழுங்காக, ஒரு சாணுக்கு ஒரு கட்டு என்று நாடா சுற்றிப் போட்டார். புகைபோக்கியின் அடித்தளத்தைத் தாண்டியதும் மண் மேடாகி, தளத்துக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே போனது. அங்கே கிளைவின் தலை போயிற்று, தோள் போயிற்று, வயிறு போகவில்லை. மூன்று மீட்டரையும் அதற்கான உறையையும் அங்கேயே விட்டுவிட்டு ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது" என்று சொன்னார். அன்றைக்கு நோலீன் அவருக்கு சீஸ் ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அதை அவர் வெண்ணெய் தடவித் தின்றதுதான் இப்போது நினைவுக்கு வந்தது.

ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. கர்லிங் கிளப்பின் ஹெக்டர் பேசினார்.

"குளம் தாங்குது. எட்டு மணிக்கு ஆட்டம். அவள எழுப்பு."

குளத்து ஐஸ் ஆள் தாங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டால் அதன்பின் அந்த ஊரில் வேறு வேலை கிடையாது. கடை பூட்டிவிடும், ஆடுகள் காத்திருக்கும். எல்லாரும் கைப்பிடி வைத்த கருங்கற்களைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய் ஐஸ்மேல் சறுக்கிவிட்டுக்கொண்டிருப்பார்கள். சில வருஷம் ஒரு நாள்கூட அந்த வாய்ப்பு வராது. நோலீன் பதினாறு வயதுப் பெண் மாதிரி கட்டிலைவிட்டுக் குதித்தாள்.

அவள் குளியலறைக்குப் போவதற்குள் கிளைவ் ஒரு பேசின் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரோடு வந்து நின்றார். வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீர்.

"என்ன இது, ராணி மரியாதை?"

"அவசரமாப் போற, அதான். எனக்கு முட்டி வலிக்குது, நான் வரல. புகைபோக்கியச் சுத்தம் பண்ணிடறேன். அடுப்பு ஆறியிருக்கட்டும், நீ மூட்டாத."

"மார்ச்லயே பண்ணச் சொன்னேன்."

"அதான் இப்பப் பண்றேன்ல."

"உன் வேலையெல்லாம் குளத்து ஐஸ் மாதிரி, கிளைவ். அதுவா கெட்டியாகற வரைக்கும் நாங்க காத்துக்கிட்டே இருக்கணும்."

வாசலில் ஹெக்டர் வண்டியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: "முட்டிதான வலிக்குது, வாய்க்கு என்ன? கரையில உக்காந்து எங்களத் திட்டவாவது வரலாமில்ல?" நோலீன் சிரித்துக்கொண்டே தன் இரண்டு கற்களையும் வண்டியில் ஏற்றினாள். வண்டி மூட்டத்துக்குள் கரைந்தது.

கிளைவ் பொய் சொன்னாலும் அதை ஒழுங்காகச் செய்கிறவர். முதலில் புகைபோக்கியை உண்மையாகவே சுத்தம் செய்தார். கரியை இன்னொரு வாளியில் அள்ளினார். கூடத்து அடுப்பைத் துடைத்து, காகிதம், சுள்ளி, பைன் கட்டை என்று வரிசையாக அடுக்கி, தீப்பெட்டியை மேலே வைத்தார். மின்கெட்டிலில் வாளித் தண்ணீரை நிரப்பினார், நோலீன் வந்ததும் குழாயைத் தொடக்கூடாது என்று. பிறகு அவளுடைய ஹேர் டிரையரை எடுத்தார். நீட்டு ஒயரைப் பின்கட்டுப் பிளக்கில் செருகி, குளியலறைத் தரையில் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே விட்டார். கைப்பேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. கிடக்கட்டும், அரை மணி நேர வேலை.

வீட்டின் பின்பக்கச் சுவரில், தரையை ஒட்டி, தளத்துக்கு அடியில் போவதற்கு ஒரு சின்னப் பலகைக் கதவு உண்டு. மேலே கீல், உள்பக்கமாகத் தள்ளினால் திறக்கும், விட்டால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். அது சட்டத்தோடு உறைந்து ஒட்டியிருந்தது. கிளைவ் தோளால் இடித்தார். அசையவில்லை. உள்ளே போய்க் கெட்டிலைக் கொதிக்க வைத்து, கதவைச் சுற்றி ஊற்றினார். ஆவி பறக்க, கதவு சொன்ன பேச்சு கேட்டது. கெட்டிலை மறுபடி நிரப்பி அதன் இடத்தில் வைத்துவிட்டு, டார்ச்சும் ஸ்பேனருமாக உள்ளே ஊர்ந்தார். பின்னால் கதவு தொப்பென்று விழுந்து மூடிக்கொண்டது. நல்லதுதான், காற்று வராது என்று நினைத்தார்.

உறைந்த கார் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றுகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்து நாற்பது வருஷமாகச் சிரித்தவர் அவர். சூட்டில் உருகின தண்ணீர் நிமிஷத்தில் திரும்ப உறையும், முன்பைவிட இறுக்கமாக. அந்த நேரத்தில் அது அவருக்குத் தோன்றவேயில்லை.

ஒரு மணி நேரம் போராடினார். புகைபோக்கிக் கல்லுக்கும் தரைக்கம்பத்துக்கும் நடுவே பக்கவாட்டில் படுத்து, கையை நீட்டினால் ஹேர் டிரையர் வெற்றுக் குழாயின் முதல் மீட்டர் வரைக்கும் போனது. அதற்கு அப்பால் குழாய் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. மூச்சை முழுதும் விட்டு வயிற்றை உள்ளிழுத்தார். மேலே இருந்த உத்தரம் விலா எலும்பில் குத்தியது. விரல்கள் மரத்தன. சரி, ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று கதவுக்குத் திரும்பினார்.

உள்பக்கம் பிடி கிடையாது, வளைத்து அடித்த ஓர் ஆணிதான். பிடித்து இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். ஆணி மட்டும் கையோடு வந்தது.

டார்ச் வெளிச்சத்தில் சட்டத்தைச் சுற்றி ஐஸ் கண்ணாடிபோல மின்னியது. ஸ்பேனரால் இடித்தார். இடிக்க இடிக்கக் கதவு வெளிப்பக்கச் சட்டத்தில்தான் போய் முட்டியது. ஹேர் டிரையரைக் கொண்டுவர முயன்றார். ஒயர் இரண்டு கை நீளம் போதவில்லை. காற்றுத் துவாரங்களை எல்லாம் மே மாதத்தில் அவரே சாக்கு திணித்து அடைத்திருந்தார். கத்திப் பார்த்தார். குரல் சாக்குக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது.

தன் வீட்டின் அடியில், எழுந்து உட்காரக்கூட இடமில்லாமல் மல்லாந்து கிடந்தார். முகத்துக்கு ஒரு முழம் மேலே, முப்பத்தாறு வருஷம் அவர் நடந்த பலகைகள். நான்கு மணிக்கு ஆட்டம் முடியும், அதற்குள் குழாயையாவது சரிசெய்துவிட்டால், கதவு மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். திரும்ப ஊர்ந்துபோய் ஹேர் டிரையரைப் பிடித்தார்.

நண்பகல்கூட ஆகியிருக்காது, வண்டிச் சத்தம் கேட்டது. சட்டென்று டிரையரை அணைத்தார். ஏன் அணைத்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

முன்வாசலில் ஹெக்டரின் குரல் மங்கலாக வந்தது: "எதிர்முனையே தெரியல, எங்க ஆடறது? மூட்டம் விலகுனா கூப்பிடறேன்." கனமாக எதையோ இறக்கிவைக்கிற சத்தம் இரண்டு தரம். கதவு. பூட்ஸைக் கழற்றுவது. பிறகு சமையலறையில் காலுறை போட்ட காலடிகள்.

"கிளைவ்?"

அவர் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் மண்ணில் வைத்தார்.

கூப்பிட்டால் கதவு திறக்கும். கூடவே, எதற்காக உள்ளே போனாய் என்ற கேள்வியும் வரும். கூப்பிடாமல் இருந்தால்? அவள் தேநீர் போடுவாள், கெட்டிலில் தண்ணீர் இருக்கிறது. நாற்காலியில் உட்காருவாள். இன்னும் ஒரு மணி நேரம். ஒரு மீட்டர் உருகிவிட்டது, இன்னும் இரண்டுதான்.

கெட்டில் கொதித்தது. தேநீர் ஊற்றுகிற சத்தம். "குளிர்ல உசிரு போகுது, அடுப்ப அடுக்கி வச்சிட்டு எங்க போய்த் தொலைஞ்சான் இந்த மனுஷன்" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வது நேர் மேலே கேட்டது. காலடிகள் கூடத்துக்கு நகர்ந்தன. அடுப்புக் கதவு கீச்சிட்டது.

கிளைவ் ஸ்பேனரைத் தேடித் தடவினார். அந்த அடுப்பின் முதுகில் தண்ணீர்ப் பெட்டி இருக்கிறது. தீ மூட்டினால் வீட்டுக்கு வெந்நீர் தருவது அதுதான். குழாய் உறைந்திருக்கும்போது தீ மூட்டினால் ஆவிக்குப் போக வழி இருக்காது. அடுப்பு வெடிக்கும், எதிரே இருப்பவரோடு. இது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நோலீனுக்கும் தெரியும். உறைந்திருப்பதுதான் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் காலையிலிருந்து அவரே ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்.

தீப்பெட்டி குலுங்கியது.

ஸ்பேனரால் பலகையை அடித்தார், கை வலிக்க. "மூட்டாத! நோலீன், தீ மூட்டாத!"

குலுங்கல் நின்றது. பிறகு, மிக நிதானமாக:

"எங்க இருக்க?"

"உன் காலுக்குக் கீழ."

"அங்க என்ன பண்ற?"

"தீக்குச்சியக் கீழ வை முதல்ல."

"வச்சாச்சு. என்ன பண்றன்னு கேட்டேன்."

கிளைவ் கண்ணை மூடிக்கொண்டார். பலகையிடம் சொல்வதுபோலச் சொன்னார். "குழாய் உறைஞ்சுபோச்சு."

பிறகு காலடிகள் விலகிப் போயின, வாசல் கதவு சாத்திக்கொண்டது. போய்விட்டாளோ என்றிருந்தது அவருக்கு. அப்புறம் பின்சுவருக்கு வெளியே பூட்ஸ் உறைபனியை நொறுக்கும் சத்தம். கதவை அவள் உதைத்தாள்.

"இதுல சுடுதண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான்."

"வெளியூர்க்காரங்கன்னா வருஷா வருஷம் சிரிப்ப."

"கோடாலி எடுத்துட்டு வா, நோலீன்."

"கொட்டகை பூட்டியிருக்கு. சாவி எங்க?"

அவர் சட்டைப் பையைத் தொட்டார். "எங்கிட்ட."

அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. "கதவ விட்டுத் தள்ளிப் படு" என்றாள்.

அவர் ஊற்றின தண்ணீர் நடைபாதையில் ஓடி உறைந்து, பின்வாசல்படிவரை பளபளவென்று கிடந்தது. கிளைவுக்கு அது தெரியாது. அவர் கேட்டதெல்லாம் தூரத்தில் தொடங்கி உறுமிக்கொண்டே நெருங்கி வந்த சத்தம்தான். பதினெட்டுக் கிலோ கருங்கல் கதவுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதி, வீடே ஒரு தரம் அதிர்ந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம் போயிருச்சு" என்றாள் நோலீன். "இன்னும் ஒண்ணு இருக்கு."

இரண்டாவது கல் நேராக வந்தது. ஐஸ் சடசடவென்று உதிர, கதவு உள்பக்கம் திறந்து, கல்லின் கைப்பிடி டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தது.

வெளியே வந்து புல்மேல் கையூன்றி அவர் மூச்சு வாங்கினார். நோலீன் கேட்டாள்: "எங்க உறைஞ்சிருக்கு?"

"புகைபோக்கிக்கு அந்தப் பக்கம். கடைசி மூணு மீட்டர்."

"உறை போட்டும் உறைஞ்சிருச்சா?"

இதையும் சொல்லாமல் விடலாம். "அங்க போடல. வயிறு போகல."

குழாய் உறைந்ததைக் கேட்டபோது வராத கோபம் அவள் முகத்தில் இப்போது வந்தது. "ஏப்ரல்ல முடிஞ்சுதுன்ன. நான் ஸ்கோன் சுட்டேன்."

"ஆமா."

"அத நீ நாலு தின்ன."

"அஞ்சு."

அவள் கோட்டைக் கழற்றி அவர்மேல் எறிந்தாள். டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். "போய்ச் சமையக்கட்டுக் குழாயத் திறந்து வச்சிட்டு நில்லு. கதவுக்குக் கல்ல முட்டுக் குடு. மூடுனா உன்ன விடமாட்டேன்." பாம்பு நுழைவதுபோல உள்ளே போனாள்.

கிளைவ் குழாய் முன் நின்றார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அரை மணிக்கு மேல் நின்றார். கடைசியில் குழாய் இருமியது, துரு நிறத்தில் துப்பியது, பிறகு நூலாகத் தண்ணீர் விழுந்தது.

கீழேயிருந்து குரல்: "வருதா?"

"வருது. எங்கயும் ஒழுகுதா?"

"இல்ல. இந்தத் தடவ வெடிக்கல."

அவர் முட்டி கடகடக்க மண்டியிட்டு, தரைப்பலகையில் வாயை வைத்தார். வெடிக்கவில்லை என்று அவள் சொன்னதில், வாக்கிலிருந்து நழுவ ஒரு வழி திறந்திருப்பதுபோல இருந்தது. போன வருஷப் பேச்சு வெடிப்பதைப் பற்றியல்ல, உறைவதைப் பற்றி. அது அவருக்கும் தெரியும்.

"நோலீன்."

"என்ன?"

"பனி விட்டதும் வீடு விற்பனைக்குன்னு பலகை வைக்கச் சொல்லிடலாம். உன் தங்கச்சி ஜூனுக்கு நீ போன் பண்ணு."

பிறகு அவர் வாய்க்கு நேர் கீழே பலகையில் இரண்டு தட்டு.

"சரி. இப்பப் போய்த் தீய மூட்டு" என்றாள். "நான் இங்க மீதிக்கு உறை போட்டுட்டு வரேன். வாங்கறவங்களுக்காவது முழுசா இருக்கட்டும்."