ஒரு சிரிப்பு பாக்கி

சினிமாவில் பிணமாக நடித்தவர்கள், ஷாட் முடிந்து எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காமல் வீட்டுக்குப் போனால் ஆகாது என்பார்கள். நான் முதன்முதலில் சினிமாவுக்குப் போனதே பிணமாகத்தான். பகல் முழுக்க வெயிலில் பாடையில் கிடந்தேன். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, முகமெல்லாம் ஈ. எழுந்ததும் கேமராமேன் ஓடிவந்து, "அக்கா, ஒரு சிரிப்பு சிரிச்சிருங்க" என்றார். உடம்பு எரிந்துகொண்டிருந்தது, இருந்தாலும் சிரித்தேன். பூசணிக்காய் சுற்றி உடைத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

பிணத்துக்கே அவ்வளவு மரியாதை. உயிரோடு இருக்கிற என் போட்டோவுக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதை ஒரு போன் போட்டுக்கூட என்னிடம் சொல்லவில்லை என்றால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

என் பெயர் பாண்டிச்செல்வி. திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் நான் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி. எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னொரு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எதிரில் நிற்பவர் என்ன கேட்டாலும் நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். தர்க்கம் என்று அதற்குப் பெயர். பதில் வராமல் முழித்தால் கூட்டம் விசிலடித்தே இறக்கிவிடும். நான் இதுவரை முழித்ததில்லை. என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் அதே மேடையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். நான் பேசுவதைக் கேட்டு மயங்கித்தான் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

சினிமாக்காரர்கள் மதுரைப் பக்கம் படம் எடுக்க வந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒப்பாரி வைக்க, குழாயடியில் சண்டை போட, ஹீரோ நடந்து போகும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்க்க. எல்லாம் செய்திருக்கிறேன். எந்தப் படத்திலும் எனக்குப் பெயர் இருந்ததில்லை. போன வருஷம் வந்த டைரக்டர்தான், "ஹீரோவுக்கு அம்மா நீங்கதான்" என்றார். இளவயசுப் பையன். பேச்சுக்குப் பேச்சு அம்மா, அம்மா என்பார். நம்பிவிட்டேன்.

கீழக்குயில்குடியில் மலையடிவாரத்தில் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி செட் போட்டிருந்தார்கள். மகனை அடித்து இழுத்துக்கொண்டு போன இன்ஸ்பெக்டரை, ஸ்டேஷன் வாசலில் மறித்துத் தாய் கேள்வி கேட்கிறாள். அதுதான் காட்சி. எழுதிக் கொடுத்த வசனம் நாலே வரி, அதிலும் பாதி அழுகை. "தம்பி, நானாப் பேசுறேன், பிடிக்கலேன்னா வெட்டிருங்க" என்றேன். சரி என்றார். பேசினேன். இன்ஸ்பெக்டராக நடித்தவர் நிஜமாகவே தொப்பியைக் கழற்றிவிட்டார், தன் வசனத்தையும் மறந்துவிட்டார். லைட்காரர்கள் கை தட்டினார்கள். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, என் படமே இந்த சீன்தான்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, லேசாகச் சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தார். எதற்கு என்றேன். ஆபீசில் வைத்துக்கொள்ள என்றார். நானும் தலையைச் சரிசெய்துகொண்டு அழகாகச் சிரித்துத் தொலைத்தேன்.

படம் மாசியில் வந்தது. என் தம்பி விருமாண்டி காளவாசலில் எனக்கு ஆளுயர பிளெக்ஸ் வைத்தான். 'வெள்ளித்திரையில் எங்கள் குடும்பத்தின் குரல்' என்று பெரிய எழுத்து. ஹீரோ படத்துக்கு ரசிகர்கள் மாலை போட்டதைப் பார்த்துவிட்டு, எங்க அக்கா மட்டும் இளப்பமா என்று ரிலீஸ் அன்று காலையில் என் பிளெக்ஸுக்கும் ஒரு ரோஜா மாலை சாத்தினான். பாசம்தான். அந்தப் பாசம் என்ன வேலை செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தெருவே எங்களோடு தியேட்டருக்கு வந்தது. ஹீரோ அறிமுகம், பாட்டு எல்லாம் முடிந்து வீட்டைக் காட்டினார்கள். சுவரில் நான். ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்த அதே நான். கழுத்தில் மாலை, சுற்றிலும் சீரியல் பல்ப், கீழே ஊதுபத்தி. ஹீரோ என்னைக் கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வாரேம்மா" என்று கிளம்பினார். எங்கள் வரிசை முழுக்க என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

கிறிஸ்துராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிளாஷ்பேக் வரும்" என்றார்.

இடைவேளை வந்தது. முறுக்கு வந்தது. பிளாஷ்பேக் வரவில்லை.

"இனிமேத்தான் வரும், அம்மா கதை எப்பவும் பின்னாடிதான் வைப்பாங்க" என்றார், பாவம். ஸ்டேஷன் காட்சி வந்தது. நான் நின்ற அதே இடத்தில் ஹீரோ நின்றார். நான் கேட்ட அதே கேள்விகளை, என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை, அவர் கேட்டார். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. எனக்குக் காது அடைத்துப்போனது. மாலையைக்கூடப் பொறுத்திருப்பேன். என் பேச்சைப் பிடுங்கி இன்னொருத்தர் வாயில் வைத்துவிட்டு, என்னைப் பேசாமல் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் கிறிஸ்துராஜ் பயந்துபோனார்.

மறுநாளிலிருந்து போன். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் காளவாசலைத் தாண்டும்போது பிளெக்ஸைப் பார்த்திருக்கிறார்கள். படத்திலும் மாலை, ரோட்டிலும் மாலை. பாண்டிச்செல்வி நிஜமாகவே போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "எப்ப எடுக்குறீக?" என்று என்னிடமே கேட்டார் ஒருவர். என்னோடு நடிக்கிற பபூன் பேயாண்டி அண்ணன், கையில் மாலையோடு வாசலுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்த என்னைப் பார்த்து மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மேடையில் ஊரையே சிரிக்கவைக்கிற மனுஷன், அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். விருமாண்டி ஓடிப்போய் பிளெக்ஸைக் கழற்றினான். அதைப் பார்த்தவர்கள் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருக்கலாம். மேலூரிலிருந்து ஜெயபாண்டி வராமல் இருந்திருந்தால்.

ஜெயபாண்டி மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் திருவிழாக் கமிட்டிக்காரர். பங்குனி தவறாமல் அங்கே என் நாடகம். விடியும்போது மேடையில் சாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கும். மணப்பெண் நான். கல்யாணம் முடிந்ததும் ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று என் கையால் குங்குமம் வாங்குவார்கள். அந்த ஊரில் என் கையால் குங்குமம் வாங்கிய குமரிகள் பலர் இன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்கிறார்கள்.

வந்தவர் காப்பியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்கிறாதீகக்கா. இந்தத் தடவ வேற ஸ்திரீபார்ட் போட்டுக்கிறலாம்னு ஊர்ல பேசுறாக."

"எதுக்கு?"

"ஊரே படத்தப் பாத்துருச்சு. மால போட்ட மொகத்த நோட்டீசுல போட்டுக் கல்யாண நாடகம் நடத்தவான்னு பொம்பளைக கேக்குறாக. செத்தவுக வேஷம் போட்டா சிரிச்சுக் கழிக்கணுமாமுல்ல. நீங்க சிரிச்சீகளா?"

"என்னையக் கேட்டாப்பா மாலையப் போட்டாங்கெ?"

"அதாங்க்கா. கழிக்காம இருக்குல்ல."

அவரைத் திட்டி என்ன செய்ய? ஒரு ஊர் வேண்டாம் என்றால் அடுத்த ஊர் காரணம் கேட்கும், அதற்கடுத்த ஊர் காரணம்கூடக் கேட்காது. சினிமாவில் என் வாயை மூடியவர்கள், நான் பேசிப் பிழைக்கிற மேடையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள்.

டைரக்டருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. ஆஷ்லின் என்று ஒரு உதவி டைரக்டர் பெண், அதுதான் எடுத்தது. "சாரிக்கா, எடிட்ல போயிருச்சு" என்றது. என்னுடைய காட்சி, பேச்சு, நான் அழுதது, அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை நாங்க மதுரை தியேட்டருக்கு வர்றோம்க்கா, ரசிகர்களைப் பார்க்க. நேர்ல பேசிக்கோங்க" என்றது.

ஜெயபாண்டியைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம தியேட்டர் வாசலுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் ஒங்க ஊரு என்ன சொன்னாலும் சரிதான்" என்றேன்.

கிறிஸ்துராஜும் பேயாண்டி அண்ணனும் என்னோடு வந்தார்கள். தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிந்தது. மேளம், வெடி. வாசலோரம் ஆளுயரத்தில் ஒரு பேனர், அதில் டைரக்டர் கை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவருக்குக் கொழுத்த மாலை ஒன்றைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் கெட்டிக்காரர், சுதாரித்துக்கொண்டார்.

"இதோ நம்ம அம்மா! இவங்க போட்டோதாங்க இந்தப் படத்தோட உயிரே!" என்று மைக்கில் கத்தினார். பக்கத்தில் இழுத்து நிறுத்தி, தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நூறு செல்போன் மேலே எழுந்தது. மறுபடியும் மாலை. நான் மைக்கை வாங்கினேன்.

"ஒரு கேள்வி தம்பி. எனக்கு நீங்க அம்மா வேஷம்னுதான சொன்னீக?"

"ஆமாம்மா."

"அம்மா எப்பத் தம்பி செத்துச்சு? ஷூட்டிங்ல உசுரோடதான இருந்துச்சு?"

கூட்டம் சிரித்தது. தர்க்கம் என்றால் மதுரைக்காரர்களுக்கு வாசனை தெரியும், நெருங்கி வந்தார்கள்.

"படம் நீளமாயிருச்சும்மா."

"நீளம்னா என் பேச்சையும்ல வெட்டிருக்கணும்? என்னைய வெட்டிட்டுப் பேச்ச மட்டும் வச்சுக்கிட்டீகளே, அது நீளம் இல்லையா?"

அவர் மைக்கைத் தேடினார். அது என்னிடம் இருந்தது. குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "நீங்க அவ்வளவு கோபப்பட்டா, அப்புறம் ஹீரோ கோபப்படறதுக்கு என்னம்மா மிச்சமிருக்கு?"

மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. தெருவுக்கே கேட்டது. நன்றாக நடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். நன்றாக நடித்ததற்காக என்னைக் கொன்றிருக்கிறார்கள்.

மாலையைக் கழற்றினேன். பேனருக்குப் போனேன். அங்கே மேளக்காரர்கள் ஏறி நிற்கப் போட்டிருந்த பெஞ்சில் ஏறி, டைரக்டரின் சிரித்த முகத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பில் மாட்டி, மாலை தொய்யாமல் சரிசெய்தேன். பக்கத்திலிருந்த கடையில் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியில் ஒன்றை உருவிக் கீழே செருகினேன்.

மேளம் நின்றுவிட்டது. டைரக்டரின் முகம் வெளுத்துப்போனது. முதல் ஷாட்டுக்கே நல்ல நேரம் பார்த்த பையன், பூனை குறுக்கே வந்ததற்கு ஒரு நாள் ஷூட்டிங்கை நிறுத்திய பையன்.

"அம்மா... அதை எடுங்கம்மா. வேணாம்மா. எங்க வீட்ல பார்த்தா..."

"போட்டோதான தம்பி" என்றேன். "எங்க, கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க. கழிஞ்சிரும்."

சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. ஆஷ்லின் பூசணிக்காய் வாங்க ரோட்டைக் கடந்து ஓடியது. முதலில் பேயாண்டி அண்ணன்தான் வெடித்துச் சிரித்தார். பிறகு கிறிஸ்துராஜ், பிறகு கூட்டம் முழுக்க. அத்தனை நாள் அடைத்துக் கிடந்தது எனக்கும் உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நூறு செல்போனையும் பார்த்துச் சிரித்தேன்.

ஜெயபாண்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கழிஞ்சிருச்சுக்கா! எல்லாத்தையும் படம் பிடிச்சிட்டேன், ஊர்ல காட்டுறேன். பங்குனிக்கு வந்துருங்க. நோட்டீசுல 'திரைப்படப் புகழ்'னு போட்டுரவா?"

"அதப் போட்டீகன்னா வரமாட்டேன்" என்றேன்.

பெஞ்சிலிருந்து இறங்கினேன். டைரக்டர் பேனருக்கும் எனக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த மாலையில் கை வைக்க அங்கே ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

"அம்மா, நீங்களே எடுத்துருங்கம்மா, ப்ளீஸ்."

"நான் எடுக்கமாட்டேன் தம்பி" என்றேன். "எடிட்ல எடுத்துக்கங்க."