செசிலி டீச்சர் கொண்டுவந்த விதி

பதுளையில் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில் யார் வேண்டுமானாலும் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருந்த வழக்கத்தை நிறுத்தியவர் செசிலி டீச்சர்தான். ஓய்வுபெற்ற பிறகு பதினொரு வருடமாக அந்த வகுப்பை அவரே நடத்திவந்தார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து முப்பது பிள்ளைகள் வருகிறார்கள், படிப்பிக்க வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டாமா என்று பங்குச் சபையில் கேட்டார். நியாயமான கேள்விதான். தானும் படிப்பிக்க வருவதாக றோய் எழுதிய கடிதம் முதல்நாள்தான் அவர் கைக்கு வந்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

றோய் ஆட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூட உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவன். விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டு வந்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் படிவம் தயாரித்தார். விண்ணப்பதாரர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். பொலிஸ் அறிக்கை வேண்டும். ஐந்து வருடமாவது பழகிய, உறவினரல்லாத இருவரின் பரிந்துரை மூடிய உறையில் நேரே பங்குத்தந்தைக்குப் போக வேண்டும். விண்ணப்பதாரர் அதைப் பார்க்கக்கூடாது. ஊர்ப்பேச்சைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றும் சட்டத்தரணி சேர்க்கச் சொன்னார். அந்த வரியை டீச்சர் கொஞ்சம் சின்ன எழுத்தில் அடித்தார்.

"இது எல்லாருக்கும்தானே டீச்சர்?" என்று கேட்டார் பங்குத்தந்தை மாணிக்கராஜ்.

"எல்லாருக்கும்தாங்க பாதர். எனக்கும்தான்" என்றார் டீச்சர், பெரிய மனதோடு.

மூன்று வாரத்தில் றோயின் பொலிஸ் அறிக்கை வந்தது. ஒரு குற்றமும் இல்லை. கேட்காமலே ஒரு நீதிமன்றக் கடிதத்தையும் அவன் சேர்த்திருந்தான். அதே பெயருள்ள வேறொருவனைத் தேடிப்போய் இவனைப் பிடித்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் விட்டுவிட்டார்கள். டீச்சர் அதை இரண்டு தரம் படித்தார். பரிந்துரைகளும் வந்துசேர, சபை அவனுக்கு அனுமதி கொடுத்தது.

டீச்சருக்கு அறிக்கை வரவில்லை. பொலிஸிலிருந்து விண்ணப்பமே திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் அவர் சிசிலியம்மா. அடையாள அட்டையில் செசிலி மேரி. அப்பா ஒன்றில் சவரிமுத்து, மற்றதில் செவரிமுத்து. இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வரச்சொன்னார்கள். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தபோது யாருக்கும் வராத சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை பங்குத்தந்தை மண்டப வாசலில் நின்றார்.

"உங்க பேப்பர் இன்னும் முடியலையே டீச்சர்."

"பாதர், என்னைய உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. ஆனா தெரிஞ்சவங்கன்னு யாரையும் விடக்கூடாதுன்னு எழுதினது நீங்கதானே."

டீச்சர் வெளியே கிடந்த வாங்குப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே றோய் பின்னம் படிப்பித்தான். நன்றாகவே படிப்பித்தான். எங்காவது பிழைவிடுவானா என்று கடைசிவரை காது கொடுத்துக் கேட்டது வீணாகப் போயிற்று.

சத்தியக்கடதாசி முடிந்து பொலிஸ் அறிக்கையும் வந்தது. முதல் பரிந்துரையைப் பழைய அதிபர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். இரண்டாவதுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. தீர்மானம் எடுக்கிறவர்கள் என்பதால் சபைக்காரர்கள் எழுதக்கூடாது. அதுவும் டீச்சர் போட்ட விதி. பழைய சிநேகிதிகளில் பாதிப்பேர் கல்லறையில், மீதிப்பேர் பிள்ளைகளோடு வெளிநாட்டில். ஆறு வருடமாக அவரைச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிப்போனவன் ஒருவன் இருந்தான்.

ஆட்டோவில் பாதி வழி போனபிறகுதான் டீச்சருக்கு வாய் வந்தது.

"றோய், ஒரு கையெழுத்து வேணும்."

அவன் வண்டியை ஓரங்கட்டிப் படிவத்தை முழுதாக வாசித்தான். 'இவரை நம்பிப் பிள்ளைகளை விடுவீர்களா?' என்ற கேள்வியில் விரலை வைத்தான்.

"ஊர்ல கேட்டதை எழுதணுமா, எனக்குத் தெரிஞ்சதையா?"

"தெரிஞ்சதைத்தான்" என்றார் டீச்சர். 

"அப்ப எழுதுறேன். ஆனா உங்ககிட்டக் காட்ட ஏலாது டீச்சர். நேரா பாதருக்குத்தான் அனுப்பணும்."

அடுத்த மாதம் சபையின் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. புதியவர் என்பதால் முதல் மூன்று மாதங்கள் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் படிப்பிக்க வேண்டும். அப்படி அனுமதி பெற்றவர் அப்போது ஒருவர்தான் இருந்தார்.

சனிக்கிழமை காலை டீச்சர் நேரத்துக்கே போனார். றோய் கரும்பலகையைத் துடைத்து வெண்கட்டியை நீட்டிவிட்டுப் பின் வரிசையில், பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டான். அவன் என்ன எழுதிக்கொடுத்தான் என்று இன்றுவரை டீச்சருக்குத் தெரியாது.