பாதபூசையில் அழாதவள்

...வரவில்லை என்றால் வரவில்லை, கண்ணீர் என்ன குழாயிலா இருக்கிறது, திருகிவிட... பட்டப்பகலில் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி மண்டபத்தை இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள், அழுவதற்கு இருட்டு வேண்டுமாம், வெளியே குருண் ஊர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே முகாம் நடத்துகிற பரஞ்சோதி சார் மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, உங்களைப் பெற்றவர்கள் உங்களுக்காகச் சாப்பிடாமல் கிடந்தது தெரியுமா, அவர்கள் நாளைக்கே செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார், பின்னால் ஒரு வயலின் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். காலையில் கயிறு இழுப்பதில் சிரித்து உருண்ட ஃபெலிசியாகூடத் தேம்புகிறாள், அவளுக்கு என்ன குறை, அவள் அப்பா அவளைத் தங்கம் என்றுதான் கூப்பிடுவார்... ரூபினி கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இங்கே அழுதால் கதை முடிந்தது. குணமாகிவிட்டாள் என்று கைதட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், செவ்வாய்க்கிழமை கிளினிக் கிடையாது. அப்பா அப்படித்தான் சொல்லி அனுப்பினார், மூணு நாள் முகாமுக்குப் போ, அதுக்கப்புறம் அந்த எடத்துப் பேச்சே எடுக்கக் கூடாது.

அந்த இடமாம், பேரைச் சொன்னால்கூட ஒட்டிக்கொள்ளும் போல. என்ன செய்துவிட்டாள் அவள் அங்கே, யாரையாவது கடித்தாளா? எழ முடியாத காலைகள், சோறு மண்ணாக இருந்த நாட்கள், வகுப்பில் ஆசிரியர் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது மாதிரி... பள்ளிக் கவுன்சலர்தான் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே ஆலோசகராக இருந்த மலாய் அக்கா கதவைச் சாத்திவிட்டு, தூங்குறியா என்றுதான் முதலில் கேட்டாள், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று. அடுத்த தடவை அப்பா வந்தார். எண்ணெய் ஆலைக்குப் போகிற செம்பனைக் குலை லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போனார், பைத்தியம்னு பேரெடுக்கப் போறியா என்று கத்தினார், எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள். வலித்தது மணிக்கட்டு இல்லை. அவள் எதற்காக அங்கே வந்தாள் என்று அவர் கேட்கவே இல்லை, இன்றுவரை கேட்கவில்லை, அதுதான் வலித்தது.

முகாமைக் குறை சொல்வதற்கில்லை, முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது. தலைமைத்துவம் என்று கோபுரம் கட்டச் சொன்னார்கள், தீப்பெட்டி அட்டையில், அவள் குழுதான் ஜெயித்தது. குழு வழிகாட்டி லோகேஸ்வரி அக்கா ஃபேக்டரியில் வேலை செய்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், ராத்திரி சாப்பாட்டின்போது ரூபினி கொஞ்சம் சொன்னதை நடுவில் புத்தி சொல்லாமல் கேட்டாள். தலைவர் என்றால் தனக்குச் சரியென்று பட்டதைச் சொல்கிறவர் என்று அவர்கள்தானே சொன்னார்கள், அட்டையில் எழுதிக்கூட மாட்டியிருக்கிறார்கள்! அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் வரிசையாகக் காலில் விழச் சொல்கிறார்கள்?

கதவு திறந்து பெற்றோர்கள் உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் மஞ்சள் தண்ணீர்த் தட்டு, இரண்டு செம்பருத்தி. அம்மாவுக்கு ஷிஃப்ட், வரவில்லை. அப்பா மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, காலைத் தட்டில் வைத்து, ஏதோ போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக... வீட்டில் இவர் கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு பறக்கும்போது இந்த விறைப்பு எங்கே போகும்? பிள்ளைகள் தபதபவென்று விழுந்தார்கள், மன்னிச்சிருங்கப்பா, மன்னிச்சிருங்கம்மா, பெற்றவர்களும் சேர்ந்து அழுதார்கள், மண்டபமே இழவு வீடு. ரூபினி எழுந்து போய் அப்பா முன்னால் நின்றாள். நின்றாள், அவ்வளவுதான், முழங்கால் மடங்கவில்லை, மடக்கவும் இல்லை.

லோகேஸ்வரி அக்கா ஓடிவந்து காதருகே, "ரெண்டு நிமிசம்தான்மா, சும்மா தொட்டுட்டு எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க, மாலு லா," என்றாள். வெட்கமாம். யாருக்கு? பாவம் அக்கா. ஆனால் இது இரண்டு நிமிஷ வேலையா... நோயாகக் கிடந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா, காய்ச்சல் வந்தவன் கேட்கிறானா, கால் முறிந்தவன் கேட்கிறானா? மாட்டேன்.

"அப்பா, நான் தப்பு ஒண்ணும் பண்ணல. மன்னிப்புக் கேக்க மாட்டேன். செவ்வாக்கிழம கிளினிக்குக்குப் போவேன். நீங்க கொண்டுபோனா உங்களோட, இல்லன்னா பஸ்ல."

பரஞ்சோதி சார் மைக்கோடு திரும்பினார். ஒரு பிள்ளை நெஞ்சு மட்டும் இன்னும் இறுகியே இருக்கு, எல்லாரும் அவளுக்காக ஒரு நிமிசம் கண்ணை மூடுங்க என்றார். மூடினார்கள், நிஜமாகவே மூடினார்கள்! அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி... இல்லை, வேண்டாம், தட்டு எறிகிற வேலை வீட்டில் ஏற்கெனவே ஒருத்தருக்கு இருக்கிறது. எத்தனையோ மாதம் எதுவுமே இல்லாமல் கிடந்த நெஞ்சுக்குள் இவ்வளவு சூடா, இது எங்கே இருந்தது இத்தனை நாளும்? கண்களை மூடிய அத்தனை பேருக்கும் நடுவில் அவளும் அப்பாவும் மட்டும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைவார் என்று நினைத்தாள். கன்னத்தைத் திருப்பாமல் நின்றாள்.

அப்பா தண்ணீரிலிருந்து காலை எடுத்தார், துடைக்காமல் செருப்பில் நுழைத்தார். எழவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அங்க... என்னயப் பத்தியும் சொல்லுவியா?" என்றார்.

என்ன கேள்வி இது. அந்த மலாய் அக்காவிடம் அவள் தூக்கத்தைப் பற்றிச் சொன்னாள், பசியைப் பற்றிச் சொன்னாள், அப்பாவைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லையே, சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை... அப்படியானால் அன்றைக்கு லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தது, கத்தியது, இழுத்தது... இந்த மனிதருக்கு மகள் பைத்தியம் என்கிற பயமே இல்லை போலிருக்கிறது. வேறு பயம். தட்டு பறக்கிற வீட்டின் கதவை யாரோ திறந்துவிடுவார்கள் என்கிற பயம். அவள் இப்படி ஆனதில் தன் கையும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு முன்பே, எப்போதிலிருந்தோ, தெரிந்திருக்கிறது.

"சொல்லுவேன்," என்றாள் ரூபினி.