சிவக்காத எண்

ஆபீஸில் அவனுக்குக் கமா என்று பேர். எவனோ எழுதிய எட்டாயிரம் வரியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மற்றவர்கள் பொழுதெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இவன் வந்து நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "இதோ" என்பான். அந்தக் கண்ணைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவன் எழுதியது ஒரு பார்சர். திரையில் எந்த எழுத்து என்ன நிறத்தில், என்ன அளவில் வர வேண்டும் என்று எழுதிவைக்கும் குறிப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். அதை எழுத்தெழுத்தாகப் படித்துக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது பார்சரின் வேலை. குறிப்பில் தப்பு இருந்தால் தாண்டிப் போய்விட வேண்டும். புரியாததை விட்டுவிட்டு, புரிகிற இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். இது அவன் கண்டுபிடித்ததில்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். ஒரு தப்புக்காகத் திரை முழுவதும் இருண்டுவிடக் கூடாது அல்லவா.

தாண்டட்டும். ஆனால், "இந்த வரியில் இந்தத் தப்பு, தாண்டிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாண்டலாமே? கமா முதலில் அப்படித்தான் எழுதியிருந்தான். வாங்கினவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் குறிப்பில் நானூறு தப்பாம், உங்கள் சரக்கில்தான் கோளாறு என்றார்கள். மேனேஜர் அவனைக் கூப்பிட்டார்.

"வேலை நடக்குதுல்ல? அப்புறம் எதுக்கு அது புலம்பிக்கிட்டே இருக்கு? வாயை மூடிவிடு."

ஒரே ஒரு வரிதான். கமா அதை எழுதிப் பார்சரின் வாயை மூடிவிட்டு, பக்கத்தில் தன் பெயரையும் தேதியையும் போட்டு வைத்தான். அன்றைக்கு வீட்டுக்குச் சீக்கிரமே போக முடிந்தது. இது நடந்து நாலு வருஷமாகிறது.

அவன் வீட்டில் மனைவியோடு தங்கையும் இருக்கிறாள். தங்கை நர்ஸ். நர்ஸாக இருந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். போன வருஷம், எட்டுப் படுக்கை உள்ள ஒரு வார்டில் அவள் பகல் டியூட்டியில் இருந்தபோது ஏழாம் படுக்கைப் பெரியவர் மூச்சடங்கிப் போனார். எட்டுப் பேருடைய ஆக்ஸிஜன் அளவும் எட்டு எண்களாக அவள் மேஜைக்கு எதிரே ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளிகள் தூங்கட்டும் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். எண் இறங்கினால் சிவக்கும், சிவந்தால் ஓட வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, எட்டு எண்ணையும் ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? சிவப்பைத்தான் பார்ப்பார்கள்.

"சிவக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வெள்ளையாவே இருந்துச்சு" என்று அவள் விசாரணையில் சொன்னாள். விசாரித்தவர்கள் மூன்று வாரம் கழித்து அந்தத் திரையைப் போட்டு, எண்ணை இறக்கிக் காட்டினார்கள். அவள் கண்ணெதிரிலேயே ஜம்மென்று சிவந்தது. அப்புறம் பேச என்ன இருக்கிறது? வேலை போயிற்று.

அதே வார்த்தையை அண்ணனிடமும் வந்து சொன்னாள். "அசதியில கண்ணு ஏமாத்தியிருக்கும். விடும்மா" என்றான் அவன். ஆறுதல் சொன்னதாக நினைப்பு.

வேலை போனால் போகட்டும், இன்னொன்று தேடிக்கொள்ளலாம். தன் கண் மேல் இருந்த நம்பிக்கை போனதுதான் கொடுமை. கண் டாக்டர் ஒரு குறையும் இல்லையென்று எழுதிக் கொடுத்தும் அவள் மனசு கேட்கவில்லை. துணி மடிக்கும்போது ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "அண்ணி, இது என்ன கலர்?" என்பாள். பச்சை என்றால், "எனக்கும் பச்சையாத்தான் தெரியுது" என்று மடித்து வைப்பாள். அடுத்த துணிக்கும் கேட்பாள். சாலையில் விளக்கு மாறி, கூட்டமெல்லாம் கடந்து போன பிறகும் இந்தப் பக்கமே நிற்பாள். ஏழாம் படுக்கைக்காரர் அந்த வீட்டில் ஒரு ஆளாகவே குடிவந்துவிட்டார். கூடத்தில் அவளுக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் யாராவது உட்காரப் போனால் அவள் முகம் வெளுத்துவிடும். கமாவும் அதில் உட்காருவதை விட்டுவிட்டான். யாருக்காக அந்த இடம் என்று வாய்விட்டுக் கேட்க அவனுக்குப் பயம்.

இந்த நிலைமையில் ஆபீஸில் காற்று திசை மாறியது. தப்பு இருந்தால் எந்த வரி, எந்த எழுத்து என்று பார்சர் சொல்லியாக வேண்டும் என்று வாங்கினவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் சண்டைக்கு வந்த அதே ஆசாமிகள்தான். மேனேஜர் கொஞ்சமும் கூசாமல், "திறந்துவிடு" என்றார். சோதித்துப் பார்க்கப் பழைய குறிப்புகள் வேண்டும் என்று கமா கேட்டான். ஆளாளுக்குப் பழசு புதுசு பாராமல் அள்ளி அனுப்பினார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து ஓடவிட்டான். பதினோராயிரத்துச் சொச்சம் தப்புகள். அத்தனையும் அவன் பார்சர் இத்தனை வருஷமும் பார்த்து, தெரிந்து, சொல்லாமல் விழுங்கியவை. வரிவரியாக மேலேறி வந்துகொண்டே இருந்தன. முதலில் சிரிப்பு வந்தது. போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டியலின் நடுவில் தங்கை வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது.

வார்டுத் திரை செய்து விற்கும் ஒரு கம்பெனி அனுப்பிய ஃபோல்டர் அது. பார்சரை விற்றவர்கள் விற்றார்கள், வாங்கினவர்கள் அதை எந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. உள்ளே இரண்டு ஃபைல்கள். பழையதில் ஒரே ஒரு தப்பு: வரி 214, மூடும் அடைப்புக்குறி இல்லை, அடுத்த விதி விடப்பட்டது.

திறந்து பார்த்தான். எண் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற விதியை எழுதியவர் அதை மூட மறந்திருந்தார். அதனால் அடுத்து வந்த விதியைப் பார்சர் குப்பை என்று தள்ளியிருந்தது. அந்த அடுத்த விதி: அளவு இறங்கினால் சிவப்பு.

தேதியைப் பார்த்தான். பெரியவர் போன நாளை அந்த வீட்டில் யாரும் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பழைய ஃபைல் அதற்கு இரண்டு நாள் முந்தியது. புதியது, நாலு நாள் பிந்தியது. புதியதில் அடைப்புக்குறி இருந்தது. யாரோ பார்த்திருக்கிறார்கள், பதறியிருக்கிறார்கள், சத்தமில்லாமல் ஒரு குறியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். விசாரணையில் சிவந்துகாட்டியது இந்தப் புதிய ஃபைல் போட்ட திரை.

பின்னால் யாரோ நின்று, தோளுக்கு மேலாகப் படிப்பதுபோல் இருந்தது. திரும்பினான். ஒருவரும் இல்லை. அந்தப் பெரியவரை அவன் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் நின்றது அவர்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது அவங்க எழுதின தப்பு. நம்மது வழக்கப்படி தாண்டியிருக்கு. அவ்வளவுதானே?"

"தாண்டினது சரி சார். சொல்லாம தாண்டினது?"

"வாயை மூடின வரியில யார் பேரு இருக்கு?" என்றார் மேனேஜர், ரொம்ப மெதுவாக. "பழசையெல்லாம் கிளறாதே. உனக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு."

"அவங்களுக்காகத்தான் சார் கிளறுறேன்."

இடத்துக்கு வந்து ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவுக்கு எழுதினான். இரண்டு ஃபைல், இரண்டு தேதி, வரி 214. பார்சர் சொல்ல வந்ததைத் தடுத்த வரியையும், அதில் இருந்த தன் பெயரையும் சேர்த்தே எழுதினான். அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நாளைக்கு இந்த நாற்காலி தனக்கு இருக்காது என்று தெரியும். இருந்தும் நடை லேசாகத்தான் இருந்தது. தங்கைக்கு அவள் கண்ணைத் திருப்பிக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் கூடத்தில் இருந்தாள். செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே சொன்னான். "உன் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. அது சிவக்கல. சிவந்திருக்கவே முடியாது." கையோடு கொண்டுவந்த தாளைக் காட்டி விளக்கினான். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் பாத்தது வெள்ளைதானா?"

"வெள்ளைதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அழுதாள். அடக்க முடியாமல், குழந்தை மாதிரி அழுதாள். அண்ணி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அழுது ஓயும்வரை காத்திருந்து, கமா மிச்சத்தையும் சொன்னான்.

"தப்பைச் சொல்ல வந்த பார்சரோட வாயை மூடினது நான்தான். மூடாம இருந்திருந்தா அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். பெரியவர் பொழைச்சிருப்பார். உனக்கும் வேலை போயிருக்காது."

சபிப்பாள் என்று காத்திருந்தான். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எங்க போயி உக்காரும்னு நீ என்ன ஜோசியமா பாத்தே? மேல இருக்கறவங்க சொன்னாங்க, நீ செஞ்சே. அதுக்கு உன்னை என்ன சொல்றது?"

அப்பாடா என்று அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் பார்வை அவனை விட்டு நகரவில்லை.

"நான் உன்கிட்ட வந்து சொன்னேன்ல அண்ணா? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு தடவைகூட, இவ சொல்றது நிஜமா இருக்குமோன்னு உனக்குத் தோணலையா?"

தோன்றியது என்று சொல்லிவிடலாம். இந்த நேரத்தில் அவள் நம்பக்கூடச் செய்வாள். அவன் செருப்பைக் கழற்றினான், ஓரமாக வைத்தான், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"தோணலம்மா" என்றான்.