கன்னத்துக் கராம்பு

...ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டாள், கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகட்டும் பார்ப்போம், அதுவும் இன்றைக்கா, பக்கத்து வீட்டு மஸீஹாவின் மகளைப் பெண் கேட்டு உக்குவளையிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியிருக்கும்போதா? கைறுன்னிஸா கதிரையை ஜன்னல் திரையோரம் இழுத்துப் போட்டு, கன்னத்துக்குள் ஒரு கராம்பை ஒதுக்கினாள், கராம்பு காரத்துக்கு இருமல் எட்டிப் பார்க்காது, ஒட்டுக்கேட்கிற வேளையில் இருமினால் மானம் என்னாவது... நேற்று மகன் பஸ்லி டொக்டரிடம் இழுத்துப்போனான், நெஞ்சில் கிருமியாம், வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூடக் காட்டாமல் வருமாம், வார்டில் படுக்க வேண்டுமாம், "இருமலை அடக்காதீங்க உம்மா, உள்ளுக்கு இருக்கிறதை வெளிய தள்ளுறதே அதுதான்" என்று மீசை முளைக்காத டொக்டர் இவளுக்குப் பாடம் எடுக்கிறார், மூச்சுக்குழாய் நெடுகப் பொடி முடியாம், தூசியையும் சளியையும் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம்... தலையிலேயே முடியைக் காணோம், நெஞ்சுக்குள் இருக்கிறதாக்கும்! ஆனாலும் அந்த முடிகளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, வாசலில் நின்று வருகிறவனை விசாரித்து ஆகாதவனைத் துரத்துகிற வேலை, இந்தத் தெருவில் அவள் செய்யாததா, அப்படிப்பட்டவளை வார்டில் கொண்டுபோய்ப் போட்டால் தெருவை யார் பார்ப்பது?

மாப்பிள்ளை என்ன தொழில் என்று இன்னும் வாயைத் திறக்கிறார்கள் இல்லையே... அடுத்த வீட்டில் பெண் கேட்டு வந்தவள் குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல கேக்காதா?" என்றாள், மஸீஹா சிரித்தாள். "ஜன்னல்ல மாமி ஈக்கிறான்னா இருமல் காட்டிக் கொடுத்துடும். காலையிலேருந்து ஒரு சத்தமும் இல்ல, பஸ்லி கூட்டிட்டுப் போயிட்டார் போல. தைரியமாப் பேசுங்க!" அடியே மஸீஹா, இத்தனை வருஷமாய் மணி கட்டின பூனையாகவா இருந்திருக்கிறேன்? இருமித்தான் காட்டுகிறேன் இரு... கராம்பைத் துப்பினாள், மூச்சை இழுத்தாள், நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பது போல் கொரகொரத்தது, வெளியே ஒன்றும் வரவில்லை. காலையிலேருந்தா? கராம்பு இப்போதுதானே வாய்க்குள் போனது... விடியத் தேத்தண்ணி தொண்டையில் வழி மாறிப் போனதே, அப்போதும் புரையேறவில்லையே, கண்ணில் தண்ணீர்கூட வரவில்லையே...

தேத்தண்ணிக் கோப்பையில் கிடந்த கரண்டியால் ஜன்னல் கம்பியைப் படபடவென்று தட்டினாள். அடுத்த வீட்டில் பேச்சு அறுந்தது. "யா அல்லாஹ், மாமி இங்கதான்!" மஸீஹா ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள். "என்ன மாமி, மூச்சு இப்படி வாங்குது? உதடு நீலமாயிட்டு! பஸ்லிக்குக் கோல் எடுக்கவா?"

"எடு... நானே நடந்து போய் வண்டியில ஏறுவேன், ஒருத்தரும் தூக்கத் தேவையில்ல. முதல்ல... மாப்பிள்ளைக்கு என்ன தொழில்னு சொல்லு."

மஸீஹா போனைத் தேடி ஓடிவிட்டாள், பதில் சொல்லாமல், திமிர் பிடித்தவள். கைறுன்னிஸா இன்னொரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இந்தத் தெருவில் யார் எப்போது கிளம்பினார்கள், எந்தப் பையோடு கிளம்பினார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள், தன் தொண்டையை விட்டு இருமல் எப்போது, சொல்லாமல் கொள்ளாமல்...